குடமும் ஹெல்மெட்டும்

என்னை ஆதிகாலத்துப் பெண்ணாக மேடையில் நிறுத்தியபோது எனக்கு வயது நாற்பத்தாறு. இடுப்பில் ஒரு குடம். பிளாஸ்டிக் குடம்தான். மண்குடம் மாதிரி தெரிய வேண்டும் என்று செங்கல் நிறத்தில் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அது சரியாகக் காயவில்லை, இடுப்பில் ஒட்டிக்கொண்டது. அசையக் கூடாது, சிரிக்கக் கூடாது, கூடுமானவரை கண்ணையும் சிமிட்டக் கூடாது என்று எங்கள் இன்ஜினியர் சொல்லியிருந்தார். ஆதிகாலத்துப் பெண்கள் கண் சிமிட்டியதே இல்லை போலிருக்கிறது.

எங்கள் குடிநீர் நிலையத்துக்கு அன்று நூறு வயது. விழாவுக்கு வைத்த தலைப்பு, ‘குடத்திலிருந்து குழாய் வரை: பெண்கள் கடந்து வந்த பாதை’. தலைப்பு வைத்த குழுவில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் மீசை இருந்தது.

நான் அந்த நிலையத்தின் பம்ப் ரூமில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். காகிதத்தில் நான் துப்புரவுப் பணியாளர். தரையைப் பெருக்க வேண்டும், எண்ணெய்க் கறையைத் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான். பம்ப்பை ஓட்டுவது ஆபரேட்டர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘கையெழுத்து அண்ணன்’. காலையில் வருவார், பதிவேட்டில் நேற்றைய பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். நாளைக்கு வர முடியாது என்றால் நாளைய பக்கத்திலும் போட்டுவிட்டுப் போவார். அவருக்கு வெளியே வீட்டுத் தரகு வேலை இருந்தது, அதில் நல்ல பெயரும் இருந்தது. மனிதர் தங்கமானவர். யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. பம்ப்பிடமும் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை.

ஆகவே நான் சேர்ந்த இரண்டாம் வருடத்திலிருந்து பம்ப்பை ஓட்டியது நான். காலை ஆறு மணிக்கு ஓட விடுவேன், மாலை ஆறு மணிக்கு நிறுத்துவேன். மணிக்கு ஒரு தடவை முள்ளைப் பார்த்து அளவை எழுதுவேன். சத்தம் மாறினால் காதை வைத்துப் பார்ப்பேன். புதிதாக வந்த இரண்டு இன்ஜினியர்களுக்கு எந்த வால்வு எந்தத் தெருவுக்குப் போகிறது என்று காட்டிக் கொடுத்ததும் நான்தான். இரண்டு பேரும் பதவி உயர்ந்து வேறு ஊருக்குப் போனார்கள். நான் துடைப்பத்தை மாற்றினேன்.

மூன்று பம்ப்புகளில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது இரண்டாம் நம்பர் மட்டும்தான். மற்ற இரண்டும் பழுது பார்க்கப் போய் வருடமாகிறது. இந்த இரண்டாம் நம்பருக்கு ஒரு குணம் உண்டு. கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் ஒரு வால்வு இருக்கிறது. பம்ப் நின்றாலும் குழாயில் இருக்கும் தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. அது ஒழுகும். பம்ப் நின்று கால் மணி நேரம் ஆனால் குழாய் காலியாகிவிடும். அதற்குப் பிறகு பட்டனை அழுத்தினால் மோட்டார் சுற்றும், சத்தம் வரும், தண்ணீர் மட்டும் வராது. பம்ப்பின் தலையில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்து, வாய் வழியாக ஏழு வாளித் தண்ணீரை மடமடவென்று ஊற்ற வேண்டும். திருகில் குமிழி இல்லாமல் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடிவிட்டு அடுத்த நொடி பட்டனை அழுத்த வேண்டும். பிறகு ஊருக்குப் போகும் பெரிய வால்வை, தூங்கும் குழந்தையைக் கீழே கிடத்துகிற மாதிரி, மெள்ளத் திறக்க வேண்டும். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் நூறு தடவை தோற்றுத் தெரிந்துகொண்டது.

விழாவுக்கு ஒரு மாதம் முன்னால் இன்னொரு ஆபரேட்டர் வேலைக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. நிரந்தர வேலை. உள்ளே இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம், பம்ப் ஓட்டிய அனுபவம் பத்து வருடம் வேண்டும் என்று போட்டிருந்தது. பத்தென்ன, என்னிடம் பதினான்கு இருந்தது. என் வாழ்க்கையில் நான் ஒன்றின்மேல் ஆசைப்பட்டேன் என்றால் அது அந்த வேலைதான். சும்மா ஒன்றும் கேட்கவில்லை, செய்கிற வேலையைத்தான் கேட்டேன்.

நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பதினான்கு வருடமாகப் பம்ப் ஓட்டுகிறேன் என்றதும் மூன்று பேர் முகமும் இருண்டது. நான் நன்றாக ஓட்டினேனா என்று யாரும் கேட்கவில்லை. யாரைக் கேட்டு ஓட்டினாய் என்று கேட்டார்கள். பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். புரட்டிப் பார்த்தார்கள். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து அண்ணனின் கையெழுத்து, ஒரு புள்ளிகூடப் பிசகாமல் இருந்தது.

“இதுல உங்க கையெழுத்து எங்கம்மா?” என்றார் நடுவில் இருந்தவர்.

“எழுதினது பூரா நான் சார். கையெழுத்து மட்டும் அவரு.”

“அப்ப உங்க அனுபவத்துக்கு அத்தாட்சி?”

அவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு, குழாய்த் தண்ணீரை ஒரு டம்ளர் குடித்தார். அன்று காலை நான் ஏற்றி அனுப்பிய தண்ணீர்.

மறுவாரம் எனக்கு ஒரு மெமோ வந்தது. ‘துப்புரவுப் பணியாளர் இயந்திரங்களைத் தொடுவது விதிகளுக்குப் புறம்பானது. இனி தொடக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.’ கீழே இன்ஜினியரின் கையெழுத்து. அதைக் கொண்டுவந்து கொடுத்தவரும் அவரே. கொடுத்த கையோடு, இதெல்லாம் ஒரு சடங்குக்குத்தான், நான் பாட்டுக்கு வழக்கம்போல ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். தொடாதே என்பது காகிதத்தில், தொடு என்பது வாயில். நானும் வழக்கம்போல ஓட்டினேன். தண்ணீர் நின்றால் குடம் தூக்கப்போவது மெமோ எழுதியவர் இல்லையே.

ஒரே ஒரு வழி இருந்தது. இன்ஜினியர் ஓர் அனுபவச் சான்றிதழ் கொடுத்தால் போதும், ஏற்றுக்கொள்வோம் என்று தலைமை அலுவலகத்தில் சொன்னார்கள். கடைசித் தேதி விழாவுக்கு மறுநாள், மாலை ஐந்து மணி. நான் அவரிடம் நடையாய் நடந்தேன். விழா முடியட்டும் என்றார். அப்போதுதான் அவருக்கு ஆதிகாலப் பெண் தேவைப்பட்டாள்.

மேடையில் ஐந்து பெண்கள் வரிசையாகச் சிலை மாதிரி நிற்க வேண்டும், ஐந்து காலத்தைக் காட்ட வேண்டும் என்பது அவர் யோசனை. குடம் தூக்கியவள், புத்தகம் பிடித்தவள், நூல் ஆலைக்காரி, டைப் அடிப்பவள், கடைசியில் ஹெல்மெட் போட்ட பெண் இன்ஜினியர். நடுவில் இருந்த மூன்றுக்கும் அலுவலகத்திலேயே ஆள் கிடைத்தது. ஹெல்மெட்டுக்குத்தான் திண்டாட்டம். நூறு வருடத்தில் எங்கள் நிலையம் ஒரு பெண் இன்ஜினியரைக்கூட வேலைக்கு எடுத்ததில்லை. இதை ஒரு குறையாகக் குழு நினைக்கவில்லை, நடிக்க ஆள் இல்லையே என்று மட்டும் வருத்தப்பட்டது. நான் வேண்டுமானால் ஹெல்மெட் போட்டுக்கொள்கிறேன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் முகம் குடத்துக்குத்தான் பொருத்தமாம். சான்றிதழை மனதில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டிவைத்தேன்.

ஹெல்மெட்டுக்கு இன்ஜினியர் தன் மருமகளையே கொண்டுவந்தார். நிலையத்துக்குள்ளேயே இருந்த குவார்ட்டர்ஸில்தான் அவர்கள் குடியிருந்தார்கள். ஒத்திகையின்போது அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து, இரண்டாம் நம்பர் பம்ப்பின் அடி வால்வு ஒழுகுகிறதா என்று மெதுவாகக் கேட்டாள். சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தாளாம். விசாரித்தால், அவள் நான்கு வருடம் இயந்திரப் பொறியியல் படித்தவள். கல்யாணம் ஆகி மூன்று வருடமாக மாமியாருக்குத் துணையாக வீட்டில் இருக்கிறாள். நம் வீட்டுப் பெண் எண்ணெயும் கரியுமாக அலைவதா என்று மாமனார் சொல்லிவிட்டாராம். ஆக, ஊரிலேயே அந்த ஹெல்மெட்டைப் போடத் தகுதி உள்ள ஒருத்தி, அதை வேஷமாகப் போட்டுக்கொண்டு நின்றாள்.

விழாவுக்கு முந்தின நாள் பம்ப் ரூமையும் அலங்கரித்தார்கள், அன்று ராத்திரி மட்டும் பம்ப்பை நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு. பம்ப்புக்கு நீல பெயிண்ட், மூன்று பூச்சு. காற்றுத் திருகுக்கும் சேர்த்தே பூசினார்கள். என் வாளிகளை எல்லாம் மேடையில் பூச்செடி வைக்கத் தூக்கிக்கொண்டு போனார்கள். முற்றத்தில் இருந்த நூறு வருடத்து அடிபம்புக்கும் பெயிண்ட் அடித்து, ‘அன்று’ என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். மேடையில் ஒரு பித்தளைக் குழாய் வைத்து, அதை நேரே பம்ப்பின் குழாயோடு இணைத்து, ‘இன்று’ என்று இன்னோர் அட்டை. தலைமை தாங்க வருகிற அமைச்சர் அம்மா அதைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடிப்பார். அத்தோடு பெண்கள் கடந்து வந்த பாதை முடிந்துவிடும்.

காலை பத்து மணி. நாங்கள் ஐவரும் நின்றோம். முற்றம் நிறைய ஜனம். முதலில் எங்கள் இன்ஜினியர் பேசினார். குழாய் வந்ததால் பெண்ணுக்கு நேரம் கிடைத்தது, நேரம் கிடைத்ததால் படித்தாள், படித்ததால் ஆணுக்குச் சமமாக உயர்ந்தாள் என்றார். உயர்ந்த பெண்ணைக் கைகாட்டினார். மருமகள் கண்ணைச் சிமிட்டாமல் நின்றாள். அமைச்சர் அம்மா பேச எழுந்ததும் மேடை விளக்கு எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டார்கள். அந்த விளக்குகளுக்கும் மைக்குக்கும் பம்ப் ரூம் சுவிட்ச் போர்டிலிருந்துதான் மின்சாரம் எடுத்திருந்தார்கள். டப்பென்று ஒரு சத்தம். விளக்கு, மைக், பம்ப் மூன்றும் செத்தன.

இருபது நிமிடத்தில் மின்சாரம் திரும்பியது. பம்ப் ரூமில் அன்று அதிசயமாக ஆஜராகியிருந்த கையெழுத்து அண்ணன் பட்டனை அழுத்தினார். மோட்டார் சுற்றும் சத்தம் மேடை வரை கேட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் தண்ணீர் இல்லை.

அமைச்சர் அம்மா ‘இன்று’ குழாயைத் திறந்தார். உஸ்ஸென்று காற்று வந்தது. இன்னும் திருகினார். குழாய் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது. முன்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் தும்முவதுபோல நடித்தார். அமைச்சர் அம்மா புன்னகை மாறாமல், உதடு அசையாமல், பக்கத்தில் நின்ற எங்கள் இன்ஜினியரிடம், நாளைக்குப் பேப்பரில் இந்தக் குழாயோடு வரப்போவது தன் படம்தான் என்றார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது. மேடைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு ஓடிவந்து திரைக்குப் பின்னிருந்து என் காதருகே குனிந்தார்.

“ஏம்மா, ஓடிப் போய் என்னன்னு பாரும்மா.”

நான் அசையவில்லை. “அசையக் கூடாதுன்னு சொன்னீங்களே சார்.”

“இப்ப நான்தானே சொல்றேன், போ.”

“மெஷினைத் தொடக் கூடாதுன்னு மெமோவும் இருக்கு சார்.”

“அது சும்மா ஒரு சடங்குக்கும்மா. உனக்குத் தெரியாதா?”

“தொடாதேன்னு சொன்னது எழுத்துல இருக்கு. தொடுன்னு சொல்றதும் எழுத்துல வேணும் சார்.”

இதைத் தைரியத்தில் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பதினான்கு வருடத்துக் கோபம் அந்த நேரம் பார்த்து வாய்க்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். அவர் என்னை முறைத்தார், குழாயைப் பார்த்தார், அமைச்சரைப் பார்த்தார். பிறகு விழா அழைப்பிதழின் பின்பக்கத்தில் மளமளவென்று எழுதி நீட்டினார். ‘இன்று ஒரு நாள் மட்டும் பம்ப்பை இயக்க இவருக்கு அனுமதி அளிக்கிறேன்.’ தேதி, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. பதற்றத்திலும் ‘இன்று ஒரு நாள் மட்டும்’ என்று எழுத அவர் மறக்கவில்லை. அதுதான் அனுபவம்.

நான் குடத்தோடு இறங்கி ஓடினேன். பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. திரும்பினால் மருமகள்.

“அக்கா, நானும் வரேன். தனியா ஊத்தினா கீழே இறங்கிட்டே இருக்குமே.”

பம்ப் ரூமில் வாளி ஒன்றுகூட இல்லை. கையெழுத்து அண்ணன் பட்டனை அழுத்துவதும் நிறுத்துவதுமாக இருந்தார். ஓரமாக நிற்கச் சொன்னேன், நிம்மதியாக நின்றார். காற்றுத் திருகு மூன்று பூச்சு நீலத்துக்குள் புதைந்து கிடந்தது. நான் ஸ்பேனரை வைத்துத் தட்டிப் பெயர்த்துத் திறப்பதற்குள் மருமகள் ஆதிகாலக் குடத்தைத் தொட்டியில் முக்கி எடுத்துவிட்டாள். நான் குடத்தை வாங்கி ஊற்ற, அவள் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி அதாலும் மொண்டு மொண்டு ஊற்றினாள். விழாவுக்கு வாங்கிய சாமான்களில் உருப்படியாக வேலை செய்தவை அந்த இரண்டும்தான். கணக்கை விட்டுவிட்டேன். திருகில் குமிழி அடங்கித் தண்ணீர் எட்டிப் பார்த்ததும், ‘இப்ப’ என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். மூடினேன். அவள் பட்டனை அழுத்தினாள். சத்தம் கனத்தது. முள் ஏறியது. அவள் முகத்தில் வந்த சிரிப்பை நான் ஒத்திகையில்கூடப் பார்த்ததில்லை.

மேடையில் ஆதிகாலமும் நவீன காலமும் காணாமல்போய், நடுவில் மூன்று காலங்கள் மட்டும் திருதிருவென்று நின்றுகொண்டிருந்தன. குழாயில் தண்ணீர் வந்தது. அமைச்சர் அம்மா குடித்தார். இடைவிடாது உழைக்கும் ஆபரேட்டர்களுக்கு நன்றி என்று சொல்லி, கையெழுத்து அண்ணனை மேடைக்கு அழைத்துத் துண்டு போட்டார்கள். தங்கமான மனிதர், மறுக்கவில்லை.

மாலை ஆறு மணிக்குப் பம்ப்பை நிறுத்திவிட்டு இன்ஜினியரிடம் சான்றிதழ் கேட்டேன். அவர் அதற்குள் பழைய ஆளாகிவிட்டார். ஆபரேட்டர் வேலைக்குப் பெண் என்றால் மேலே யோசிப்பார்கள் என்றார், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். காலையில் வழக்கம்போலப் பம்ப்பை ஓடவிடு என்று சொல்லிக்கொண்டே வெளியூர் போகக் காரில் ஏறினார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் போனேன். பெருக்கினேன். என் வேலை அதுதானே. மூலை முடுக்கெல்லாம் பெருக்கினேன், நீல பெயிண்ட் சிதறல்களைச் சுரண்டினேன், ஜன்னல் கம்பியைக்கூட ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பதினாறு வருடத்தில் அந்த அறை அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. இரண்டாம் நம்பர் சும்மா நின்றது. கையெழுத்து அண்ணன் வந்தார், அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விடுப்புக் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மேல்நிலைத் தொட்டியில் இருந்த தண்ணீர் ஏழரை மணியோடு தீர்ந்தது. எட்டரைக்கு முற்றத்தில் குடங்கள் தெரிந்தன. ‘அன்று’ என்று அட்டை தொங்கிய அடிபம்பு இன்னும் வேலை செய்யும் என்று யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். ஒன்பது மணிக்குக் கேட்டுக்கு வெளியே வரை வரிசை. வங்கியில் வேலை பார்ப்பவள், வகுப்புக்கு நேரமான ஆசிரியை, ஆஸ்பத்திரி நர்ஸ் எல்லோரும் இடுப்பில் குடத்தோடு நின்றார்கள். எங்கள் இன்ஜினியரின் விழா இரண்டாம் நாளும் நடக்கிற மாதிரி இருந்தது. நேற்றைக்கு ஐந்து பேர், இன்றைக்கு ஊரே. ஆண்கள் யாரும் வரிசையில் இல்லை. அவர்கள் வீட்டில் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள்.

எனக்கு மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஒருத்தி நேரே பம்ப் ரூம் வாசலுக்கு வந்து, உன் வேலைக்காக எங்கள் இடுப்பை ஒடிக்கிறாயா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுப் பட்டனிடம் போனேன், கை நீட்டிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்போது என் நாத்தனார் வந்தாள். எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் சலவைக் கடை வைத்திருப்பவள். மூன்று வாஷிங் மிஷின் போட்டு ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறாள். அவள் வாயில் விழுவதற்குப் பதில் கிணற்றில் விழலாம் என்று என் கணவரே சொல்வார். சாயங்காலத்துக்குள் கொடுக்க வேண்டிய துணி மலையாகக் கிடக்கிறது, மூன்று மிஷினும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று ஆரம்பித்தாள். நான் மெமோவையும் அழைப்பிதழையும் அவள் கையில் கொடுத்தேன். நின்றபடியே இரண்டையும் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள்.

“அண்ணி, இத்தனை வருஷமா ஓட்டினது நீதானே? அந்தாள் இல்லையே?”

“நான்தான்.”

“துணி நாளைக்கும் அழுக்காத்தான் இருக்கும். நீ பெருக்கு.”

அவள் தன் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். மூன்றாம் மாடிக்காரிக்கும் மற்றவர்களுக்கும் மெமோவை உரக்கப் படித்துக் காட்டினாள். ‘விதிகளுக்குப் புறம்பானது’ என்ற இடத்தை மட்டும் மூன்று தடவை படித்தாள்.

தகவல் கேட்டு, பதினோரு மணிக்கு இன்ஜினியர் ஊர் திரும்பினார். அவரால் வரிசையைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை, ஏனென்றால் வரிசையில் அவருடைய மனைவியும் வாளியோடு நின்றிருந்தார். குவார்ட்டர்ஸ் குழாயும் எங்கள் பம்ப்பில்தானே தொங்குகிறது. அந்த அம்மா அவரைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். பக்கத்தில் மருமகள் அடிபம்பை அடித்துக்கொண்டிருந்தாள், உள்ளங்கை சிவந்திருந்தது.

உள்ளே வந்து ஒரு காகிதத்தை நீட்டினார். டைப் அடித்து, முத்திரை குத்திய சான்றிதழ். எனக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு படித்தேன். ‘இவர் பதினான்கு ஆண்டுகளாக, பம்ப்பை இயக்குவதில் ஆபரேட்டருக்கு உதவினார்.’

கண்ணீர் நின்றுவிட்டது. “யாருக்கு உதவினேன் சார்?”

“அப்படித்தாம்மா எழுதணும். நீ ஓட்டினேன்னு எழுதினா இத்தனை வருஷம் நாங்க என்ன பண்ணோம்னு கேப்பாங்க.”

“கேக்கட்டும் சார். நேத்து தண்ணி வரலேன்னதும் உதவி பண்ண ஆளைத் தேடினீங்களா, ஓட்டுற ஆளைத் தேடினீங்களா?”

அவர் கையெழுத்து அண்ணனின் காலி நாற்காலியைப் பார்த்தார். வெளியே அடிபம்பு கிறீச் கிறீச் என்று கத்திக்கொண்டே இருந்தது. வாசலில் என் நாத்தனார் மெமோவை நான்காவது தடவை ஆரம்பித்தாள். அவர் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். மேலே, ‘பம்ப்பை இயக்கியவர் இவரே’ என்று எழுதி, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார். மெமோவும் ரத்து என்று அதன்மேலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். சான்றிதழை நாத்தனார் தன் கடை வண்டியில் எடுத்துக்கொண்டு போய், மூன்று மணிக்கே தலைமை அலுவலகத்தில் சேர்த்து ரசீதும் வாங்கிவிட்டாள். மாதக் கடைசியில் வந்த பட்டியலில் என் பெயர் இருந்தது. வேலை கிடைத்த முதல் நாள், பெருக்குவதற்கு ஆள் வரும்வரை நானே வழக்கம்போலப் பெருக்கிக்கொள்ள முடியுமா என்று இன்ஜினியர் கேட்டார். எழுத்தில் கொடுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

அதெல்லாம் பிறகு நடந்தது. அன்றைக்கு அவர் பேனாவை மூடியதும் நான் மருமகளைக் கூப்பிட்டேன். அவள் அடிபம்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். மாமனார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாளியோடு வாசலில் வந்து நின்ற மாமியார், “போகட்டும், தண்ணி வேணும்ல” என்றார். இந்தத் தடவை வாளிகள் இருந்தன. நான் திருகைப் பார்த்துக்கொள்ள, அவள் ஏழு வாளியையும் ஊற்றினாள். பெரிய வால்வையும் அவளையே திறக்கச் சொன்னேன். ஒவ்வொரு சுற்றுக்கும் நின்று, முள்ளைப் பார்த்து, காதை வைத்துக் கேட்டுக் கேட்டுத் திறந்தாள். நூறு தடவை தோற்காமலே அவளுக்கு அது வந்துவிட்டது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. முற்றத்தில் அடிபம்பின் சத்தம் நின்றது. வரிசை கலைந்தது.

பதிவேட்டைத் திறந்தேன். அளவை எழுதினேன். ‘இயக்கியவர்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது. அந்தப் பதிவேட்டில் லட்சம் எண் எழுதிய கை அது, என் பெயரை ஒரு தடவைகூட எழுதியதில்லை. மெதுவாக, கோணல்மாணலாக எழுதி முடித்தேன். பிறகு பேனாவை மருமகளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“என் பேரு எதுக்குக்கா? நான் சும்மா உதவிதானே பண்ணேன்.”

அவள்மேல் எனக்கு வந்த கோபம் அவளுடைய மாமனார்மேல்கூட வந்ததில்லை. “அந்த வார்த்தையை இந்த ரூம்ல சொல்லாத. எழுது.”

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவள் எழுதினாள்.